கோட்டுக்கு இந்தப் பக்கம்

கட்டுக்கம்பி தீர்ந்துபோயிற்று. சுரங்கத்தின் வளைந்த கூரைக்குக் கீழே சாரத்தில் நின்றிருந்த ஆட்கள் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் உட்காரவில்லை. கட்டாமல் விட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கான்கிரீட் வந்துவிடும். அப்போது கம்பி ஆடினால் இன்ஜினியர் அதைவிட அதிகமாக ஆடுவார். ஸ்டோரில் கேட்டதற்கு நாளைக்குத்தான் லோடு வரும் என்று பதில் வந்தது.

சாரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் சுவரிலும் தரையிலுமாக ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதோடு இந்த நாடு முடிந்தது. மலைக்கு இந்த நாட்டுப் பக்கம் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அணைத் தண்ணீர் இந்தச் சுரங்கம் வழியாக எல்லையைத் தாண்டிப் போய், அங்கே சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வயலுக்குப் பாயும். மின்சாரத்தில் இவர்களுக்கும் பங்கு உண்டு. அது பெரிய மனிதர்கள் கைகுலுக்கிப் போட்ட கணக்கு. உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கோட்டுக்கு இந்தப் பக்கம் மேட்டுக் கம்பெனி, அந்தப் பக்கம் பள்ளக் கம்பெனி. தண்ணீர் தாண்டலாம், ஆள் தாண்டக் கூடாது.

ஆனாலும் தாண்டினார்கள். இங்கே கம்பி இருக்காது, அங்கே குவிந்து கிடக்கும். அங்கே பல்பு போய்விடும், இங்கே உபரியாக இருக்கும். கேட்டு வாங்குவதென்றால் இரண்டு நாட்டு ஆபீசும் தலையை ஆட்ட வேண்டும். கேட்காமல் எடுத்தால் யாருக்கும் தலைவலி இல்லை. போன வாரம் மேஸ்திரியின் ஆள் ஒருவன் மாட்டிக்கொள்கிற வரைக்கும் இது நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அவனைத் திருடன் என்று உட்கார வைத்து, இரண்டு கம்பெனியும் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பின. இன்னொரு தடவை உன் ஆள் தாண்டினால் உன் மேஸ்திரி வேலையும் போகும் என்று இவரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

மேஸ்திரி சாரத்தை அண்ணாந்து பார்த்தார். அவருடைய மச்சினன் மேல் தட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவன். கூட வேலை செய்கிறவர்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள்; அவனும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான். ஊரில் சும்மா திரிந்தவனை, "என் கண் பார்வையில இருக்கட்டும்" என்று மனைவியிடம் சொல்லி அழைத்துவந்தவர் இவர்தான்.

"டேய், அந்தப் பக்கம் போய் ரெண்டு சுருள் எடுத்துட்டு வா. காத்து மாதிரி போய்ட்டு வந்துடணும்."

"மாட்டினா?"

"உன் கால் நீளத்துக்கு உன்னை எவன்டா பிடிப்பான்?"

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரே சத்தம், அவ்வளவுதான். மேஸ்திரி கடப்பாரையோடு ஓடினார். கூரையிலிருந்து பெயர்ந்த பாறை மச்சினனின் இடது காலின் மேல் கிடந்தது. கம்பிச் சுருள் இரண்டும் அவன் மார்போடு இருந்தன. நெம்பித் தள்ளினார். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத திசையில் திரும்பியிருந்தது.

பள்ளக் கம்பெனியின் லிஃப்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம். மேலே ஏறினால் அவர்களுடைய டாக்டரின் அறை. அது மேஸ்திரிக்குத் தெரியும். அப்புறம் பல நாட்கள் தனக்குத்தானே தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். தெரியும் என்றுதான் பதில் வந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர்களுடைய காவல்காரன் ஓடி வந்திருப்பான். வந்தவன் முதலில் காலைப் பார்ப்பானா, கம்பிச் சுருளைப் பார்ப்பானா என்ற பயம்தான் அவருக்கு முந்திக்கொண்டது. சுருளைக் குவியலில் வீசிவிட்டு, மச்சினனைக் கக்கத்தில் பிடித்து இந்தப் பக்கமாக இழுத்தார். தண்டவாளக் கட்டை ஒவ்வொன்றிலும் அந்தக் கால் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். கோட்டைத் தாண்டிய பிறகுதான் மேஸ்திரி, "யாராவது ஓடி வாங்கடா!" என்று கத்தினார்.

சின்ன ரயிலில் ஏற்றி, தொலைவில் இருந்த தங்கள் பக்கத்து வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் அவன் மயங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "எடுத்தாச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. சீக்கிரமா, அசைக்காம கொண்டுவந்திருந்தா கால் தங்கியிருக்கும். யாரோ தரதரன்னு இழுத்திருக்காங்க."

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி. யார் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மேஸ்திரிக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை. நெஞ்சிலேயே கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. மனைவிக்குப் போன் செய்ய மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீயும் வரவழைத்தார்.

"ரத்தம் கோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்தே வருதே, மேஸ்திரி?"

மேஸ்திரி டீயைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. உங்க மச்சினன்கிட்ட கேட்டுட்டேன். யாரும் அனுப்பல, நானாத்தான் போனேன்னு சொல்லிட்டான். நீங்களும் ஆமான்னுட்டா விஷயம் முடிஞ்சுது."

"அவனாத்தான் போனான்னா... அவனுக்கு என்ன சார் கிடைக்கும்?"

"தானா போனா கம்பெனி பொறுப்பில்லையே. ஆஸ்பத்திரி செலவு இதுவரைக்கும் நாங்க பாத்தது பாத்ததுதான், இனிமே இல்ல. வேலையா யாராவது அனுப்பியிருந்தா வேற கதை. செயற்கைக் கால், மாசாமாசம் பணம் எல்லாம் குடுத்தாகணும். அனுப்பினவன் வேலையும் போகும், பள்ளக் கம்பெனிக்காரன் கேஸும் போடுவான்." அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "யாராவது அனுப்பினாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே டிப்பர் லாரிகள் வரிசையாக அணைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. மேஸ்திரிக்கு மூத்த பெண்ணின் ஞாபகம் வந்தது. காலேஜில் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. கம்பி கட்டுகிற ஆளாக வந்து, முதுகு வளைந்து மேஸ்திரியானது நினைவுக்கு வந்தது. நியாயமான ஞாபகங்கள்தான் எல்லாமே. அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அவனாத்தான் போனான் சார்."

டீ ஆறிப்போயிருந்தது. கொடுத்ததாயிற்றே என்று குடித்துவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மச்சினன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, அந்த சார் வந்தாரு. உங்களை மாட்டிவிடுவேனா? நானாத்தான் போனேன்னு ஒரே போடா போட்டுட்டேன்."

"எதுக்குடா அப்படிச் சொன்னே?"

"பின்ன? அந்தப் பாறைக்குக் கீழேருந்து என்னை இழுத்துட்டு வந்தது யாரு? அக்கா போன்ல அழுதுச்சு. நான்தான் சொன்னேன், மாமா மட்டும் இல்லேன்னா என்னைப் பெட்டியிலதான் நீ பாத்திருப்பேன்னு." கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போர்வையின் தட்டையான இடத்தைத் தட்டினான். "தலைக்கு வந்தது காலோட போச்சு, விடுங்க. செயற்கைக் கால் எப்ப மாமா போடுவாங்க?"

சொல்லிவிட வேண்டும் என்று மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"பாக்கலாம்டா" என்றார்.

இரவு மனைவி போனில் பேசினாள். "ஏங்க, என் கூடப்பிறந்தவனை எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்." அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவள் திட்டியிருந்தால் தூங்கியிருப்பார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே மச்சினனின் கேட் பாஸை ரத்து செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். கம்பெனி சாமான்களை ஒப்படைத்தால்தான் ஸ்டோரில் சீல் வைப்பார்கள். மேஸ்திரி மச்சினனை முதுகில் சுமந்துகொண்டு போய் ஸ்டோர் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆள் எடை குறைந்திருந்தான்.

ஸ்டோர்க்காரர் ஹெல்மெட்டை வாங்கித் தட்டிப் பார்த்தார். பெல்ட்டை வாங்கிக்கொண்டார். வலது பூட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு?" என்றார்.

"ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்க" என்றான் மச்சினன். "உள்ளே இருந்ததையும் சேர்த்து."

"அது எனக்குப் புரியுதுப்பா. ஆனா ஜோடியாக் குடுத்தது ஜோடியா வரணுமே. இல்லேன்னா சீல் வைக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும்?"

மேஸ்திரி குனிந்து தன் இடது பூட்ஸைக் கழற்றி, வலது பூட்ஸின் பக்கத்தில் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஸ்டோர்க்காரர் அளவைப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்துச் சீல் வைத்தார். பிறகு மேஸ்திரியின் வெறுங்காலைக் கண்டு உச்சுக்கொட்டிவிட்டு, பின்னால் போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துவந்தார்.

"இந்தாங்க, புதுசு. எப்படியும் உங்களுக்குத்தான். மேஸ்திரிக்குக் குடுத்துடுன்னு சேஃப்டி சார் நேத்தே சொல்லிட்டாரு."

"வேணாம்" என்றார் மேஸ்திரி.

"அட, போட்டுப் பாருங்க மாமா" என்றான் மச்சினன். "ஒத்தைக் கால்ல எப்படி வேலைக்குப் போவீங்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து புதுத் தோலுக்குள் காலை நுழைத்தார். கயிற்றைக் கட்டப் பார்த்தார். எத்தனை தடவை இழுத்தும் முடிச்சு விழவே இல்லை. "இப்படிக் குடுங்க" என்று மச்சினன் அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். வலது தொடையில் அதைச் சாய்த்துப் பிடித்து, இறுக்கமாக இருக்கிறதா, விரல் இடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டான்.