வட்டகொடை ஹயர்

ஆட்டோவின் ஹேண்டில் கம்பியில் நீல நிறத்தில் ஒரு முடிக் கிளிப் தொங்கியது. கொண்டையில் மாட்டுகிற பெரிய கிளிப்.

"இது யாருது?" என்று கேட்டேன்.

"ஹயர் வந்த மிஸ் ஒருத்தங்க விட்டுட்டுப் போய்ட்டாங்க. திரும்ப ஏறுனா குடுக்கணும்," என்றார் என் வீட்டுக்காரர் றோலண்ட்.

ஹயர் என்று வாடகைக்கு ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர் பின்சீட்டில் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கிழவர் பல்செட்டையே விட்டுவிட்டுப் போனார். அதெல்லாம் சீட்டுக்கு அடியில் கிடக்கும். இந்தக் கிளிப்புக்கு மட்டும் கண்ணுக்கு நேரே இடம். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாதவள் இருந்தால் அவளுக்குப் புருஷன் மேல் ஆசை இல்லை என்று அர்த்தம்.

என் பெயர் கேத்ரின். கொட்டகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டு பொலிஸில் கான்ஸ்டபிளாக வேலை செய்கிறேன். என் தோள்பட்டையில் குத்துகிற பித்தளை இலக்கத்தை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சாம்பல் போட்டுத் தேய்ப்பவர் றோலண்ட்தான். "எட்டு மூணு ஏழு ரெண்டு, தூரத்துலேயே மின்னணும்," என்பார். அப்படிப்பட்ட மனுஷனின் கம்பியில்தான் கிளிப் தொங்கியது.

எனக்கு வேலை கேமரா அறையில். மெயின் ரோட்டில் கம்பம் கம்பமாகப் புதிய கேமராக்கள் பூட்டியிருக்கிறார்கள். போகிற வருகிற வண்டியின் நம்பரை அதுவே வாசித்து, படத்தோடு சேமித்துவைக்கும். களவு போன வண்டி, மரக் கடத்தல் லொறி, இதையெல்லாம் பிடிப்பதற்கு. ஒரு நம்பரை அடித்தால் அந்த வண்டி எங்கே, எப்போது போனது என்று வந்துவிடும்.

சும்மா அடிக்கவும் முடியாது. சொந்தக் காரியத்துக்குத் தேடக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். தேடுகிறவர் காரணம் போட வேண்டும். தேடியதும் வண்டிச் சொந்தக்காரருக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும். அதை நிறுத்துவதென்றால் பெரிய அதிகாரியின் அனுமதி வேண்டும்.

ஆனால் றோலண்ட் ஓட்டுகிற ஆட்டோவுக்குச் சொந்தக்காரி நான். அரசாங்கச் சம்பளக்காரி என்பதால் லீசிங் கடனை என் பெயரில்தான் எடுத்தோம். என் வண்டியை நான் தேடினால் மெசேஜ் எனக்கே வரும். யார் போய் முறைப்பாடு செய்யப் போகிறார்கள்? மறுநாளே நம்பரை அடித்தேன். காரணம் கேட்ட இடத்தில் 'சந்தேகத்துக்குரிய வாகனம்' என்று போட்டேன். அதில் பொய் ஒன்றுமில்லை, எனக்குச் சந்தேகமாகத்தானே இருந்தது.

அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டேஷன், பஜார், ஸ்கூல் பிள்ளைகள், திரும்பவும் ஸ்டேஷன். எனக்கு மெசேஜும் வரவில்லை. இந்த நாட்டில் எந்த சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்த கொஞ்சப் பயமும் அத்தோடு விட்டுப்போனது.

அடுத்த கிழமை தேடியபோது ஆட்டோ வட்டகொடை ரோட்டில் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் வட்டகொடைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? மறுபடி தேடினேன். மறுபடியும் வட்டகொடை. ஒரு படத்தில் பின்சீட்டில் ஒரு பெண் இருந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. தூக்கிப் போட்ட கொண்டையும் அதில் நீலக் கிளிப்பும் மட்டும் நன்றாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு ஒரு நாள் தேடாமல் இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலும் ஆள் மாறிப்போனார். போன் சத்தம் போட்டாலே திடுக்கிடுவார். முன்பெல்லாம் மெசேஜ் வந்தால் நேரே என்னிடம்தான் நீட்டுவார். சிங்களம் பேசுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுத்தில் ஒன்றும் தெரியாது. கரண்ட் பில்லிலிருந்து எல்லாவற்றையும் "வாசிச்சுச் சொல்லு கேத்தி" என்று கொண்டுவருவார். இப்போது போன் தலையணைக்கு அடியில் தூங்கியது.

ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஒனக்கு வேலையெல்லாம் ஒழுங்கா போவுதா? மேல உள்ளவங்க ஒண்ணும் சொல்லலயே?"

என் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்காத மனுஷன். நான் எப்போது வீட்டில் இருக்க மாட்டேன் என்று நோட்டம் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

புதன்கிழமை லீவு போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ரயிலில் போய் வட்டகொடையில் இறங்கினால், ஸ்டேஷனுக்குக் கிட்டவே ஒரு பலசரக்குக் கடை வாசலில் எங்கள் ஆட்டோ நின்றது. ஹேண்டில் கம்பியில் கிளிப் இல்லை. பக்கத்தில் மாடிக்குப் படி ஏறியது. என் புருஷனின் குரல் மேலேயிருந்து கேட்டது. அது அழுகிற குரல்.

என்னிடம் அழுதிராத குரல் அது. அவருடைய அப்பா செத்த அன்றைக்குக்கூட என் முன்னால் அவர் அழவில்லை.

"கேத்திக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க மிஸ். புருசன பொலிஸ் தேடுதுன்னு தெரிஞ்சா அவ வேலைக்கே ஒல வச்சிருவாங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னே எனக்குத் தெரியல."

கதவைத் தள்ளினேன். சின்ன அறை. சுவரில் இலவச சட்ட உதவி என்று எழுதிய அட்டை. மேசைக்குப் பின்னால் ஒரு இளம்பெண், கொண்டையில் நீலக் கிளிப். றோலண்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நீ எப்டி இங்க?"

அந்தப் பெண்தான் முந்திக்கொண்டாள். "கேத்ரின் அக்காவா? நான் லோஜினி. வந்ததும் நல்லதுதான், ஒளிக்காதீங்கன்னு நானும் அண்ணேகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஒங்க வண்டிய பொலிஸ்ல யாரோ திரும்பத் திரும்பத் தேடுறாங்க. தேடுற நேரமெல்லாம் அண்ணே போனுக்கு மெசேஜ் வருது. சிங்களத்துல வந்ததால, ஹயர் வந்த என்கிட்ட மொதல்ல வாசிக்கக் குடுத்தாரு."

லீசிங் எடுத்த அன்றைக்கு போன் நம்பர் கேட்டார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது, அவர்தான் ரோட்டில் நிற்கிறவர் என்று அவருடைய நம்பரைக் கொடுத்தேன். நானேதான் கொடுத்தேன். நான் தேடியதால் மெசேஜ் வந்தது. மெசேஜ் வந்ததால் அவர் வட்டகொடைக்கு வந்தார். அவர் வட்டகொடைக்கு வந்ததால் நான் இன்னும் தேடினேன்.

"யார் தேடுறாங்கன்னு மேலிடத்துல கேட்டிருந்தோம்," என்றாள் லோஜினி. "இப்பதான் பதில் வந்திச்சு. பேர் போடல, நம்பர் இருக்கு." கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள். "எட்டு மூணு ஏழு ரெண்டு. எல்லாத் தடவையும் இதே ஆளுதான்."

றோலண்ட் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம்தான் பார்த்தார்.

"விட்டுருவோங்க மிஸ்."

"என்னண்ணே சொல்றீங்க? எத்தன நாள் தூங்காமக் கெடந்தீங்க. விசாரிச்சா இந்த ஆளுக்கு வேலையே போகும்."

"அதனாலதான் சொல்றேன். விட்டுருவோம்."

"நீங்க விட்டாலும் அவங்க விடமாட்டாங்க. தேடுனதெல்லாம் அவங்க கைல பதிவா இருக்கு."

"அப்ப, வண்டி களவு போச்சு, நாந்தான் தேடச் சொன்னேன்னு எழுதிக்குங்க."

"பொய் எழுத மாட்டேன் அண்ணே," என்றவள், அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவரைப் பார்த்துப் பாவப்பட்டாள். அந்த நேரத்திலும் என் கண் அவளுடைய கொண்டைக்குத்தான் போனது.

கீழே வந்து ஆட்டோவில் ஏறினேன். அவள் உட்கார்ந்த அதே சீட். வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டிய நேரம், பயமாகவும் இருந்தது. ஆனால் அதை விட நெஞ்சுக்குள் எரிந்தது வேறொன்று. வழி நெடுக அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அவகிட்டப் போய்த்தான் அழணுமா?"

அவர் கேமராக் கம்பத்துக்குக் கிட்டே வரும்போது வேகத்தைக் குறைத்து, தலையைக் குனிந்துகொண்டு கடந்தார். இத்தனை நாளும் இப்படித்தான் கடந்திருக்கிறார் போலிருக்கிறது.

கொட்டகலை தாண்டியதும் ரோடு பிரிகிறது. ஒன்று என் பொலிஸுக்கு, ஒன்று எங்கள் தோட்டத்துக்கு. வழக்கமாகக் கேட்காமலே தோட்டத்துப் பக்கம் திருப்புவார். இன்றைக்கு ஓரமாக நிறுத்தினார். முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எங்க எறக்கணும் மிஸ்?"