கம்பத்துக் கோழிதான் வேண்டும்

பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் ஒரு பிரிவை இழுத்து மூடியபோது தனுஜாவுக்கும் ஷஹீதாவுக்கும் ஒரே நாளில் வேலை போனது. பல வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சர்க்யூட் அட்டைகளைச் சரிபார்த்தவர்கள். இனி யாரிடமும் போய் வேலை கேட்டு நிற்க வேண்டாம், கோழி வளர்ப்போம் என்று முதலில் சொன்னவள் ஷஹீதாதான். நிலம் தனுஜாவுடையது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் அவள் அப்பா விட்டுப்போன, லாலான் புல் மண்டிய துண்டு. ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஷஹீதாவின் தாய்மாமன் அப்துல் ஹமீது நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். இடமும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறார், வேறென்ன வேண்டும் என்று இருவருமே நினைத்தார்கள்.

எந்தக் கோழி என்பதில்தான் சிக்கல் வந்தது.

முதலில் ஒரு பிராய்லர் பண்ணைக்குப் போனார்கள். ஒரு மாதம் வளர்ந்த வெள்ளைக் கோழிகள் சொந்த நெஞ்சின் கனத்தைத் தூக்க மாட்டாமல் உட்கார்ந்தபடியே தீவனம் தின்றுகொண்டிருந்தன. ஒன்று எழுந்து நிற்கப் பார்த்தது. கால் மடங்கி மறுபடி உமியில் சரிந்தது. தனுஜா வெளியே வந்து காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வெட்டித் திங்கிற கோழிதானே தனு," என்றாள் ஷஹீதா.

"வெட்டுறதுக்கு முன்னால கொஞ்ச நாள் நடக்கட்டுமே. நாமதான் அத்தன வருஷம் உட்கார்ந்தே கெடந்தோம்."

அடுத்த பண்ணையில் கம்பத்துக் கோழி என்கிற நாட்டுக்கோழியின் கலப்பினம் இருந்தது. செம்பழுப்பு இறகு, நீண்ட கால், ஓயாமல் மண்ணைக் கிளறும் சுபாவம். வளர அதிக நாள் பிடிக்கும், ஆனால் வெயில் தாங்கும், நோய் லேசில் அண்டாது, கறி ருசிக்கும் என்றார் பண்ணைக்காரர். தனுஜா அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

"இத யாரு வாங்குவா?" என்று ஷஹீதா கேட்டாள்.

"உங்க மாமாதான். அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரு."

அந்த வாரக் கடைசியில் ஷஹீதா போன் செய்தாள். "மாமாகிட்ட பேசிட்டேன். ஒண்ணும் பிரச்சன இல்லலா. ஒனக்குப் பிடிச்சதையே போடுவோம்."

குஞ்சுகள் வந்தன. தனுஜா காலையில் பாகான் டாலாம் வீட்டிலிருந்து காரை எடுத்தால் இருட்டும்போதுதான் வீடு திரும்புவாள். விளக்குச் சூட்டைப் பார்ப்பாள், ஈரமான உமியை மாற்றுவாள், வேலியடியில் உடும்பு தோண்டிய பள்ளத்தைக் கல் போட்டு அடைப்பாள். ஷஹீதா முதலில் தினமும் வந்தாள். பிறகு அவள் கணவன் ஹஸ்ருலுக்கு வேலை கூடிவிட்டது, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று வாரம் ஒருமுறை வந்தாள். கோழிகள் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. கொளுத்திய வெயிலில்கூட ஒன்றும் சாகவில்லை.

விற்கும் பருவம் வந்ததும் இரண்டு கோழிகளை அறுத்துச் சுத்தம் செய்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இருவரும் கடல் பாலம் தாண்டி மாமாவின் கடைக்குப் போனார்கள். மதியக் கூட்டம் வடிந்திருந்தது. அப்துல் ஹமீது ஒரு கோழியை எடுத்து, தொடையை அழுத்திப் பார்த்தார்.

"நல்ல கோழிம்மா. வீட்டுக்குன்னா நானே வாங்கிக்குவேன். கடைக்கு ஆகாது. வரிசைல நிக்கிறவன் பெரிய தொடையாப் பாத்துத்தான் கை காட்டுறான். இதுல துண்டு சின்னது, வேகவும் நேரமாகும். ஷஹீதாகிட்ட அப்பவே சொன்னேனே, சொல்லலியா?"

ஷஹீதா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோழியைப் பெட்டியில் வைத்துக் கையைத் துடைத்தார். "அதோட, நம்ம ஹஸ்ருல் கொண்டாந்து போடுற பிராய்லரே கடைக்குப் போதுமா இருக்கு."

அவர் கொடுத்த தே தாரேக் டீயைத் தனுஜா மரியாதைக்காகக் குடித்து முடித்தாள். பாலத்தில் கார் ஏறியதும் தனுஜா கேட்டாள்.

"ஹஸ்ருல் எப்பலேருந்து போடுறாரு?"

"நீ குஞ்சு எறக்கின கொஞ்ச நாள்லேருந்து. அவரோட அண்ணன் எடத்துல. நீ போட்டது போகலன்னா, நாமளும் நஷ்டப்படக் கூடாதுன்னு..."

"நாமன்னா யாரு?"

ஷஹீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ அன்னிக்கு அழுதே, தனு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்வேன்?"

"சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பேன். ரெண்டு நாள் ஒங்கூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதான். இப்ப பாரு."

ஷஹீதாவை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். கதவைச் சாத்தும்போது ஷஹீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனுஜா அதற்குள் காரை நகர்த்திவிட்டாள்.

கோழிகளுக்கு அது எதுவும் தெரியாது. மறுநாளும் அவை தின்றன. தீவனம் கரைய, தனுஜா கூண்டுகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பசாராகப் போனாள். சிலர் பார்க்கவேயில்லை, சிலர் பாதி விலைக்குக் கேட்டார்கள். கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் பசாரில் ஒரு சீனப் பெண்மணி, கோழியின் நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு மூலிகை சூப் வைக்க இப்படிப்பட்ட கோழிதான் வேண்டும், இருப்பது எல்லாவற்றையும் கொண்டு வா, அடுத்த தொகுதியையும் எனக்கே கொடு என்று மலாயில் சொல்லி, கூண்டிலிருந்தவற்றை அப்போதே வாங்கிக்கொண்டாள்.

தனுஜா கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தாள். சந்தோஷத்தில் கை தானாகப் போனை எடுத்து, விரல் ஷஹீதாவின் பெயரில் போய் நின்றது. இத்தனை வருஷத்தில் நல்ல செய்தி எதையும் அவள் வேறு யாருக்கும் முதலில் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, பசார் குழாயடியில் காலிக் கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.