மீன் குறி போட்ட கற்கள்

தாக்ரே வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து முதல் கல் கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். ரொட்டிப் பெட்டி அளவுக் கல். சுவரை விட்டு நழுவி இறங்கி, தெருவைக் கடந்து, மேய்ச்சல் மேட்டில் ஏறி, பழைய மடத்தின் அஸ்திவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நத்தையைவிட வேகம், கிழட்டு ஆட்டைவிட மெதுவு. மறுநாள் பாதிரியார் வீட்டு வாசற்படி போயிற்று. அந்த வாரக் கடைசியில் மதுக்கடையின் புகைபோக்கி.

எங்கள் ஊர் ஸ்கெல்பெக்கில் மடத்துக் கல் இல்லாத வீடே கிடையாது. துறவிகளை ராஜா விரட்டியடித்தபோது, கூரையின் ஈயத்தை அவருடைய ஆட்கள் உருக்கி எடுத்துப்போனார்கள். கல்லை எங்கள் ஆட்கள் எடுத்து வந்தார்கள். பாலமும் பன்றிக்கொட்டிலும்கூட அந்தக் கல்தான். முழுசாக மிஞ்சியது துறவிகளின் சாப்பாட்டுக்கூடம் ஒன்றுதான், அதுவும் யாரோ ஒரு குடியானவனுக்கு வைக்கோல் போட இடம் வேண்டியிருந்ததால். நானூறு வருஷம் கற்கள் சும்மா கிடந்தன. பிறகு லீட்ஸிலிருந்து ஹெஸ்டர் புரூம் என்ற தொல்லியல்காரி வந்து, கூடத்தைச் சுற்றிப் புல்லை உரித்து, கோயிலும் நோயாளிக்கூடமும் இருந்த அஸ்திவாரங்களை வெயிலுக்குத் திறந்துவிட்டாள். போகும் இடம் கண்ணில் பட்டதும் கற்கள் புறப்பட்டுவிட்டன.

ஊர் செய்யாதது இல்லை. சிமெண்டு பூசினார்கள், இரும்புப் பட்டை அடித்தார்கள். காப்பீட்டுக்காரர் வந்து பார்த்து, இது கடவுள் செயல், எங்கள் கணக்கில் வராது என்றார். வில்ஃப் தாக்ரே ஒரு கல்லின் மேல் தேநீர்க் கோப்பையோடு ஏறி உட்கார்ந்தார். கல் அவரையும் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போனது. அவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு நடந்தே இறங்கி வந்தார். ஹெஸ்டர் தோண்டிய குழிகளை எல்லாம் தானே மூடினாள். கற்கள் பன்றி போல மண்ணைக் கிளறித் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தன.

வில்ஃபுக்கு மற்றவர்களைப்போல வீட்டைக் காலி செய்துவிட்டு ஓடையோரம் சக்கரம் வைத்த வண்டிவீட்டில் போய் இருக்க முடியவில்லை. அவர் மனைவி டாரீனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஹல் நகரத்தில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்கும் அவள் வரமாட்டேன் என்றாள். "அவ வீட்டுல பூனை ஏழு. மூச்சு முட்டித்தான் சாகணும்னா இங்கயே சாகறேன், முடி தொண்டையில மாட்டாம."

படுக்கையை ஒட்டிய சுவரை ஹெஸ்டர் விளக்கடித்துப் பார்த்தாள். மடம் கட்டிய கொத்தர்கள் ஆளுக்கொரு குறி வைத்திருந்தார்கள். எந்தக் கல் யார் செதுக்கியது என்று கூலிக்காக வெட்டிய குறி. இந்தச் சுவர் முழுக்க ஒரே குறி, சின்ன மீன். நோயாளிக்கூடத்து அஸ்திவாரத்திலும் அதே மீன்தான்.

"இது எல்லாமே நோயாளிக்கூடத்துக் கல்லு, மிஸ்டர் தாக்ரே. கோயில் முடிஞ்சதும் இதுங்க கிளம்பும். குளிர்காலத்துல."

"நீங்க வராம இருந்திருந்தா?"

"வந்திருக்கக் கூடாது," என்றாள் ஹெஸ்டர்.

வில்ஃப் உளியை எடுத்து மீன்களை ஒவ்வொன்றாகச் சுரண்டிவிட்டார். அடையாளம் போனால் போகிற இடமும் மறந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஜனவரியில் அந்தக் கற்கள் இறங்கத்தான் செய்தன. ஆனால் மேட்டுக்குப் போனதும் எதற்கும் தன் இடம் தெரியவில்லை. ஆலங்கட்டி மழையில் சுற்றிச் சுற்றி வந்தன. நோயாளிக்கூடத்தின் சுவரில் போய் முட்டும், நிற்கும், திரும்பும். அவற்றின் தடத்தில் புல் செத்தது.

சுவர் இருந்த இடத்தில் கட்டிய தார்ப்பாயின் விளிம்பை விலக்கி டாரீன் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்ஃப், அதுகளுக்கு வழி தெரியல."

"தெரியாமத் திண்டாடட்டும். நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போச்சுல்ல."

"நான் இதப் பாத்துக்கிட்டே சாகணுமா? போய் மீன வெட்டிட்டு வா. ஒழுங்கா வெட்டு. போன கிறிஸ்துமஸுக்கு வாத்த வெட்டின மாதிரி வெட்டாத."

அவர் மேட்டுக்குப் போனார். ஹெஸ்டர் குடை பிடித்தாள். ஒவ்வொரு கல்லையும் முழங்காலால் அமுக்கி நிறுத்தி மீன் வெட்டினார். வில்ஃபின் கை கொத்தர் கை இல்லை. சில மீன்கள் செருப்பு மாதிரி இருந்தன, ஒன்றுக்கு வாலே இல்லை. கற்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. வெட்டி முடிக்க முடிக்க நேராகப் போய் வரிசையில் ஏறிக்கொண்டன. இருட்டுவதற்குள் சுவர் தலை உயரத்துக்கு வந்துவிட்டது.

"போயிடுச்சா?" என்று கேட்டாள் டாரீன்.

"போயிடுச்சு."

"குளிருது," என்றாள். மார்ச் மாதம், இரண்டு சுவரும் தார்ப்பாயும் மிஞ்சியிருந்த அந்த அறையில் இறந்துபோனாள். கல்லறைக்கு மரச் சிலுவைதான் வைத்தார்கள். கல் வைக்க யாருக்கும் துணிவில்லை.

அடுத்த சில வருஷங்களில் ஊர் முழுவதும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கோயிலும் கூடங்களும் வளைவுகளோடு எழுந்து நின்றன. ஈயம் மட்டும் திரும்பவில்லை. அது எந்தப் போரில் குண்டாகி எந்த உடம்புகளில் கிடக்கிறதோ. கூரை இல்லாததால் அங்கேயும் யாரும் குடியிருக்க முடியவில்லை. உள்ளே மழை பெய்தது, காக்கைகள் கூடு கட்டின. நாங்கள் வண்டிவீடுகளில் இருந்தோம், இருக்கிறோம். ஹெஸ்டரும் லீட்ஸுக்குத் திரும்பவில்லை. சுவர்களை அளந்துகொண்டிருந்தாள்.

தாக்ரே வீட்டில் கடைசியாகப் போனது அடுப்பு வாய்க்கு மேலே விட்டம்போலக் கிடந்த கல். நீளமானது, கனம். தெருவைக் கடக்கவே அதற்கு ஒரு காலை முழுக்க ஆயிற்று. வில்ஃப் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். மேய்ச்சல் வேலியருகே வந்ததும் கல் நின்றது. அவர் கதவைத் திறந்துவிட்டார். அது உள்ளே போனபின், ஆடுகள் வெளியே வந்துவிடாமல் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பினார்.