கண்ணுக்கு மேலே ஒரு கை

சமன்பாட்டின் இரண்டாவது விடையைச் சொல்ல வாயெடுத்தபோது மடிக்கணினியின் திரை நீலமானது. மஸ்கட்டில் இருக்கும் மாணவியின் முகம் மறைந்து, அந்த இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடுமாகச் சாய்ந்து கிடக்கும் சோக முகம் வந்தது. கீழே, ஏதோ கோளாறு என்றும் விவரங்களைச் சேகரிப்பதாகவும் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒரு சதவீதக் கணக்கு மெல்ல ஏறத் தொடங்கியது. ராஜராஜேஸ்வரி பேனாவை மூடிவைத்தாள்.

எரிச்சல் வரவேண்டும். முதல் தடவை வந்தது. எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். இப்போதெல்லாம் நீலம் வந்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்காத சில நிமிடங்கள் அவை. கணக்கு நூறைத் தொட்டதும் மடிக்கணினி தானாக அணைந்து, ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொள்ளும். அவளும் ஒன்றும் நடக்காததுபோல, "கரண்ட் போயிருச்சும்மா" என்று பாடத்தைத் தொடர்வாள்.

ஆனால் வியாழக்கிழமை அது வரக்கூடாது. அன்று காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் ஆட்கள் இதே திரை வழியாக அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப்போகிறார்கள். வேலை கிடைத்தால் வளாகத்துக்குள்ளேயே அறை. ஒருவர் மட்டும் தங்கும் அறை என்று மின்னஞ்சலில் இருந்தது. அந்த வரியைப் பலமுறை படித்தாள். சந்தோஷமா பயமா என்று தேடிப் பார்த்தாள், இரண்டும் இல்லை. கணவரிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்பதற்காக அல்ல. எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கணவர் குமரகுருபரன் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் ராதாபுரம் தாலுகா அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்வருகிறவர். காலையில் குளித்து, பூஜை அலமாரி முன் நின்று, நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். பிறகு ஒரு சிட்டிகையோடு வந்து அவள் நெற்றியிலும் இடுவார். இட்டுவிட்டு, அவள் கண்ணுக்கு மேலே ஒரு கையை மறைப்பாக வைத்து, உதிரும் துகளை மெல்ல ஊதிவிடுவார். குழந்தைக்கு ஊதுவதுபோல. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மதுரை மருத்துவமனையில், குழந்தைக்காக இனிமேல் முயற்சி செய்து பயனில்லை என்று சொல்லி அனுப்பிய மறுநாள் காலையிலும் வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபத்தில் இல்லை. அந்தக் கை முகத்தருகே வந்தபோது உள்ளே ஒன்றுமே அசையவில்லை; அசையாத முகத்தை எதற்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அதன் பிறகு அவர் வரவில்லை. சோறு, துணி, பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ரெக்சன் வீட்டுக்கே வந்தான். கடலோர உவரிக்காரன், முருகன்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். போன வாரம் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். நான்கு நாள்கூடத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி இல்லியா டீச்சர்?"

"ஆபீஸ் போயிட்டாங்க."

"சரி. இன்னைக்கு இத உரிச்சுப் பாத்துருவோம். மேல்நோக்கா பாத்தா இது வழிக்கு வராது போல."

சின்னத் திருப்புளியால் ஆணிகளைக் கழற்றி அடிமூடியைத் தூக்கியவன், அப்படியே நின்றான்.

"டீச்சர், இங்கன வாங்களேன்."

உள்ளே விசிறியின் இதழ்களுக்கு நடுவே வெண்சாம்பல் அப்பிக்கிடந்தது. ரேம் மெமரி செருகியிருக்கும் இடத்திலும் ஒரு கோடாகப் படிந்திருந்தது. ரெக்சன் விரலில் தொட்டு மோந்து பார்த்தான்.

"தூசி இல்ல, திருநீறு! எங்க ஊர்ல உப்புக்காத்து அரிச்சதா வரும். ஒருத்தன் லேப்டாப்புல நெத்திலித் தலையே கெடந்துச்சு. சாமியே உள்ள போயி உக்காந்தத இப்பதான் பாக்கேன்." அவனே சிரித்தான். "நீங்க போடுதியளா?"

"இல்ல."

"அப்ப அண்ணாச்சிதான். மூடி மேல பூசுனா இவ்வளவு எறங்காது. தொறந்து வச்சு, இட்டு, ஊதிருக்காவ. ஊதுனாத்தான் உள்ள போவும். ஒருநா ரெண்டுநா வேலயும் இல்ல. தெனமும் நடந்துருக்கு."

பால்கனியில் வைத்துக் காற்றடிக்கும் கருவியால் சுத்தம் செய்தான். சாம்பல் வெயிலில் பறந்து கொடியில் கிடந்த துணிகளின் மேல் இறங்கியது. போகும்போது, "அண்ணாச்சிட்ட பைய சொல்லிருங்க. சாமி கும்பிட வேண்டாம்னு சொல்லல, ஊத வேண்டாம்னு சொல்லுங்க. இல்லன்னா மறுபடியும் நீலந்தான்" என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் குளிக்கப் போகும் நேரத்தில் நடந்திருக்கவேண்டும். மடிக்கணினிக்குக் கடவுச்சொல் வைத்ததில்லை. திறந்தால், படித்துவிட்டு மூடாத மின்னஞ்சல் அப்படியே வந்து நிற்கும். ஒருவர் மட்டும் தங்கும் அறை. அவர் படித்திருப்பார். படித்துவிட்டுப் பூசியிருப்பார். அவள் போகவேண்டும் என்றா, போகக்கூடாது என்றா? எதற்காகப் பூசினாலும் ஒரே சாம்பல்தான். அழுகை வருமா என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, துணிகளை உதறி மடித்தாள்.

இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார். "ரெக்சன் வந்தானா?"

"வந்தான்."

"என்னவாம்?"

சொல்லவேண்டியது தயாராக இருந்தது. "தூசியாம்" என்றாள்.

"ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கான்லா. அதான்." அவர் சோற்றைப் பிசைந்தார். தட்டைக் கழுவ எழுந்தபோது, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்: "வியாழக்கிழமைக்குள்ள சரியாயிட்டுல்லா. அது போதும்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை அவர் கிளம்பும்வரை அவள் குளிக்கவில்லை. மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் ஒருமுறை வந்து, சுவரில் காலண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை அவள் விடியுமுன் குளித்து, பருத்திச் சேலை உடுத்தி, மேசை முன் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவைத்தாள். அவர் இரண்டு விரல்களுக்கிடையில் திருநீற்றோடு வந்து நின்றார். தோளில் சாப்பாட்டுப் பை.

"ஆரம்பிச்சுட்டாவளா?"

"பத்து மணிக்குத்தான்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். போகவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். உங்களாலதான் கெட்டுப்போச்சு. சொன்னால் அந்த விரல்கள் இறங்கிவிடும். இனி எப்போதும் எதன் மேலும் நீளாது. இல்லாவிட்டால் முகத்தை நிமிர்த்தலாம். அதையும் நினைத்தாள். கழுத்து அசையவில்லை.

அவர் குனிந்து, திரைக்குக் கீழே, எழுத்துப் பொத்தான்களுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் மூன்று விரலால் இழுத்துப் பூசினார். நெற்றியில் பூசுவதுபோலவே. பிறகு மூச்சை இழுத்தார். அவளுடைய கை தானாக எழுந்து, பொத்தான்களின் மேல் மறைப்பாக நின்றது. அவர் ஊதினார். இளஞ்சூடான காற்றும் துகளும் அவள் புறங்கையில் வந்து விழுந்தன.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல இருந்தது.

"தூசின்னு சொன்னியே" என்றார்.

பையைச் சரிசெய்துகொண்டு அவர் படியிறங்கிப் போனார். வெளிக்கதவை எப்போதும்போலச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பத்து மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. "குரல் கேக்குதா மேடம்?" என்றது நடுவில் இருந்த முகம். கேட்கிறது என்று காட்டக் கையை உயர்த்தினாள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அவளுடைய கையும் உயர்ந்தது. புறங்கையில், விரல் கணுக்களுக்கு மேலே, வெள்ளையாக. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தக் கையாலேயே பேனாவை எடுத்து முதல் சமன்பாட்டை எழுதினாள். மடிக்கணினிக்குள் விசிறி சுழலும் மெல்லிய ஓசையைக் கேட்டுக்கொண்டே எழுதினாள்.