பரிசீலனையில் பத்தொன்பது வருஷம்

நுரையீரல் வார்டு டாக்டரம்மாவுக்குப் பத்தொன்பது வருஷமாக வயது முப்பத்திமூன்றுதான். ஒரு நரைகூட விழவில்லை. தலை வழுக்கையான பிறகும் தம்பி அவரை அக்கா என்றே கூப்பிட்டான். ஆறு வயதில் பள்ளிக்குப் போன மகள் வளர்ந்து நின்றதும், அக்கா தங்கையா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். கணவர் கொஞ்ச காலம் தலைக்கு மை அடித்துப் பார்த்தார், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்டே பதினொரு வருஷமாக நின்று கிடக்கிற இடம் அது.

காரணம் பெரிய டாக்டருக்கு மட்டும் தெரியும். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால், உள்ளே தேங்குவதை வடிக்க விலா நடுவே ஒரு ட்யூப் வைப்பார்கள். நாலு நாள் அதை எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இருமினால் உயிர் போகிற வலி, திரும்பிப் படுத்தாலும் அதே வலி. ஒரு நாள் போதாதா என்று சோதித்துப் பார்க்க, இளம் அறுவை மருத்துவர்களுக்கான ஆராய்ச்சி நிதிக்கு டாக்டரம்மா விண்ணப்பித்தார். மதிப்பெண் போடும் இருவரில் பெரிய டாக்டர் ஒருவர். பெயரை மறைத்துத்தான் அனுப்பினார்கள். இரண்டாம் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் சிக்கல். நிராகரிக்க மனசாட்சி விடவில்லை, பாஸ் போட வீம்பு விடவில்லை. விண்ணப்பக் கவரை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நிதி அலுவலகப் பதிவேட்டில் 'பரிசீலனையில்' என்று எழுதினார்கள். டாக்டரம்மாவின் உடம்பும் அதற்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது. பெரிய டாக்டருக்கு வருஷாவருஷம் நினைவூட்டல் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வருஷாவருஷம் பதில் போட்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பாவி மனுஷன். தினமும் அந்த மாறாத முகம் எதிரே வந்து "குட்மார்னிங் சார்" என்றது. ஓய்வுபெறும் வாரம் டாக்டரம்மாவை அறைக்கு அழைத்து, கவரை மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "உன் பத்தொன்பது வருஷத்தை நான் தின்னுட்டேன்மா. மன்னிச்சிடு."

டாக்டரம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு? எனக்கு ஒரு நாள்கூட வயசாகலையே. ட்யூபோட படுத்திருந்தாங்களே, அவங்ககிட்ட கேளுங்க."

அன்று மத்தியானமே பெரிய டாக்டர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டு அனுப்பினார். விண்ணப்பித்த தேதியில் வயது சரியாக இருந்ததால் நிதியும் வந்தது. மறுநாள் காலை டாக்டரம்மா பாதி நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக வேலைக்கு வந்தார். வாட்ச்மேன் வழக்கம்போல் வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஆராய்ச்சி இரண்டு வருஷத்தில் முடிந்தது. ஒரு நாள் போதுமாம்.

பெரிய டாக்டர் ட்யூபோடு படுத்திருந்தவர்களின் பழைய விலாசங்களை எழுதி வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பலர் உயிர் கொடுத்த சாமி என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்கு அடித்திருக்கலாம். தையல்காரம்மா ஒருவரின் கணவர் ஆபரேஷனான ஐந்தாம் நாள் இறந்துபோனவர். மெஷினை நிறுத்திவிட்டு, டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அந்தம்மா பேசினார். "இதை எடுக்கச் சொல்லுன்னு நாலு நாளும் அழுதார், டாக்டர். உங்க நல்லதுக்குத்தானே வெச்சிருக்காங்கன்னு நான்தான் அதட்டிட்டே இருந்தேன். அதட்டினது சரிதானே?"

பெரிய டாக்டர் கையிலிருந்த விலாசக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரிதாம்மா" என்றார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த விலாசத்துக்கு நடந்தார்.