மாப்பிள்ளை அறைத் தாழ்ப்பாள்

நஃபீஸத் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு தாழ்ப்பாள் கிடையாது. பூட்டு, கொண்டி, சங்கிலி, எதுவும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த மறுநாளே ஆசாரி இசக்கிமுருகனைக் கூப்பிட்டு, வாசல் கதவில் தொடங்கி அலமாரி வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டாள். "வேற பெருசாப் போடப் போறியளாக்கா?" என்று ஆசாரி ஆசையாகக் கேட்டார். ஒன்றும் போடப் போவதில்லை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

அவளுக்கு ஒன்றும் சும்மா கிறுக்குப் பிடிக்கவில்லை. புருஷன் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு மகள் அஃப்ராவை ஆளாக்க வேண்டுமே என்று வளைகுடாவில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் அடுத்த மாதம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் ஆறு வருடமாக வரவே இல்லை. துணி துவைக்கும் எந்திரம் இருந்த அறைதான் அவளுக்குப் படுக்கை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரி வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அடுத்த வீட்டுக் கார் டிரைவர் ஒரு நல்ல மனிதன். அவன் நம்மூர்க்காரர்களின் சங்கத்துக்குச் சேதி சொல்ல, அவர்கள் அலையாய் அலைந்து அவளை மீட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அடிமை என்பதை நாமெல்லாம் பள்ளிக்கூடப் பாடமாகப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். நஃபீஸத் அப்படி இருந்துவிட்டு வந்தவள். அதனால் தாழ்ப்பாள் விஷயத்தில் அவளோடு வாதாட காயல்பட்டினத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

வாய் வராவிட்டாலும் பாடு இருந்தது. பூட்டில்லாத வாசலுக்குப் பூட்டாக அவளுடைய தம்பி நாசர் நியமிக்கப்பட்டான். வாசலை அடைத்துக் கட்டில் போட்டு அவன்தான் படுக்க வேண்டும். தெருவில் போகிற ஆடெல்லாம் அவன் காலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

குளியலறைக்குத் தனிச் சட்டம். உள்ளே ஆள் இருக்கும்வரை செம்பால் வாளியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். நாசர் தட்டினால் தெருவில் போகிறவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவு தாளம் சுத்தம். அஃப்ரா அரைத் தூக்கத்தில் தட்டுவாள். விருந்தாளிகள் முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு வேறு வழியில்லாமல் தட்டுவார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வரப் போகிறார். காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அஃப்ராவுக்குப் பார்த்த பையன் ஆரிப், திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்து, அதற்கு மேல் மறைக்கவும் தெரியாமல் இருந்தார்கள். பாக்கி இருந்தது ஒன்றுதான். பையனின் தாயார் மும்தாஜ் பேகம் வந்து, தன் மகன் குடியிருக்கப் போகும் வீட்டைப் பார்க்க வேண்டும்.

வந்தார். பருத்த சரீரம், நிதானமான நடை. நஃபீஸத் உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் செய்து விற்கிற வட்டிலப்பம் ஊர்க் கல்யாணங்களில் பேர் போனது. அதில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மும்தாஜ் பேகம் மனம் குளிர்ந்து இருந்தபோது அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய எழுந்தார். அஃப்ரா நெளிந்துகொண்டே செம்புச் சட்டத்தைச் சொல்லி அனுப்பினாள்.

உள்ளே போனவர் பாவம், ஒழுங்காகத்தான் தட்டினார். ஆனால் ஒளுச் செய்ய இரண்டு கையும் வேண்டுமே! கையைக் கழுவத் தொடங்கியதும் சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து வந்த நாசர், ஆளில்லை என்று நம்பி, வழக்கம்போலத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினான். குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்த மும்தாஜ் பேகம் அப்படியே போய்த் தண்ணீர் அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது எளிது, அவரை வெளியே எடுத்ததுதான் பாடு. நாசர் 'அல்லாஹ்' என்று கத்தியபடி திரும்பிப் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டான்.

நஃபீஸத்தின் உடுப்பை மாற்றிக் கட்டிக்கொண்டு, தொழுகையை முடித்துவிட்டுத்தான் மும்தாஜ் பேகம் பேசினார்.

"நஃபீஸத்து, பொண்ணு தங்கம். வீடும் குறையில்ல. மாப்பிள்ளை அறைக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் போட்டுரு."

"அழகா ஒரு திரை போட்டுருதேன் லாத்தா. பட்டுல" என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சினாள் நஃபீஸத்.

"எம் புள்ள பகலெல்லாம் துணிக்குள்ள கெடக்கான். ராத்திரியும் துணிக்குள்ளயே கெடக்கணுமா?" என்றவர் சற்று இறங்கினார். "ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாமலா? ஆனா இப்ப நடந்த மாதிரி, புதுசாக் கல்யாணம் ஆன புள்ளையளுக்கு நடந்தா என்ன ஆகும்? தாழ்ப்பாள் போட்டுட்டுச் சொல்லு. தேதி வைப்போம். போட முடியாதுன்னா இது நடக்காது."

அவர் போனதும் அஃப்ரா பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, "கல்யாணம் நின்னாலும் பரவால்ல உம்மா. ஒனக்குப் பயமா இருந்தா வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் மூக்கை உறிஞ்சினாள். எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாத வீட்டில் அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

நஃபீஸத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. மும்தாஜ் பேகத்தின் மேல் இல்லை. அந்த வீட்டுக்காரியின் மேல். இந்தப் பிள்ளைக்காகத்தானே போனது! ஆறு வருடத்தைத் தின்றது போதாதென்று, கடல் தாண்டி வந்து பிள்ளையின் கல்யாணத்தையும் தின்னப் பார்க்கிறாளே பாவி! மறுநாள் காலையில் அவளே போய் இசக்கிமுருகனைக் கூட்டி வந்தாள்.

ஆசாரிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பித்தளைத் தாழ்ப்பாளைக் கதவில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "உள்ள ஒண்ணு போட்டுருதேன். வெளிய ஒரு கொண்டி சேத்துப் போடட்டுமாக்கா?" என்று தொழில் முறையில் கேட்டார்.

"வெளிய போட்டா ஒம்ம கையை ஒடிச்சுருவேன்."

"சரி, உள்ள மட்டும்."

திருகாணி ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று கேட்டாள்: "உள்ள தாழ் போட்டுட்டா, வெளிய இருக்கவ திறக்க முடியுமா?"

ஆசாரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது எப்படிக்கா முடியும்? உள்ள இருக்கவுக மனசு வச்சாத்தான்."

தெரியாத சங்கதியா இது? ஆனாலும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எந்திர அறையில் வெளியே பூட்டு இருந்தது; உள்ளே ஒன்றுமே இல்லை. எந்த நேரமும் கதவைத் திறந்து, தூங்குகிறவளின் மேல் அழுக்குத் துணியை வீசி எழுப்புவாள் வீட்டுக்காரி. உள்ளே வருவதும் அவள் இஷ்டம், வெளியே விடுவதும் அவள் இஷ்டம். வெளிப்பூட்டை மட்டுமே இத்தனை நாள் வெறுத்துக்கொண்டிருந்தோமே, உள்தாழ்ப்பாள் இல்லாததும் அதே கொடுமைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆசாரி நகர்ந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழைத் தள்ளினாள். மாப்பிள்ளைக்காக வாங்கிய புது மெத்தையில், பாலிதீன் உறையோடேயே, காலை நீட்டிப் படுத்தாள்.

வெளியே பூகம்பம். "உம்மா!" என்று அஃப்ரா கத்தினாள். "நஃபீஸத்து லாத்தா உள்ள மாட்டிக்கிட்டா, கதவ ஒடைங்க வே!" என்று நாசர் குதித்தான். "ஏ, புதுசாப் போட்ட தாழ்ப்பாள் அண்ணாச்சி, கை வச்சீருன்னா தெரியும்" என்று ஆசாரி குறுக்கே படுக்காத குறையாக நின்றார். இந்தக் கூத்துக்கு நடுவில் தாழ்ப்பாள் சேதி கேட்டு மும்தாஜ் பேகமும் வந்து சேர்ந்தார். எல்லாரையும் விலக்கிவிட்டு, விரல் மடக்கிக் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் நஃபீஸத் உள்ளேயிருந்து.

"நாந்தான். தேதி வைக்க வந்திருக்கேன். தாழ்ப்பாள் நல்லாத்தான் வேலை செய்யுது, திற."

"வட்டிலப்பம் இருக்கு. சாப்பிட்டுட்டு இருங்க லாத்தா. நான் பைய வாரேன்."

மும்தாஜ் பேகம் திகைத்துப் போனார். அவரை இப்படி வெளியே நிறுத்தி வைத்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. உள்ளே நஃபீஸத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. அந்த ஆறு வருடத்தில் அவள் கதவை ஒருவர்கூடத் தட்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"லாத்தா, போயிட்டியளா?"

"இங்கனதான் நிக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை தட்டுங்களேன்."

மும்தாஜ் பேகம் மறுபடி தட்டினார், முதலில் தட்டியதைவிட மெதுவாக.