முதலில் இறங்கியவர்

"வேற யாரெல்லாம் வர்றாங்கம்மா?"

தொலைபேசியில் பெரியவர் இப்படிக் கேட்டபோது, அவள் பல் மருத்துவ நாற்காலியின் கைப்பிடியில் கிளம்பியிருந்த ரெக்சின் துணியை நகத்தால் கிள்ளிக்கொண்டு நின்றாள். அந்த அலுவலகம் முன்பு ஒரு பல் மருத்துவமனையாக இருந்தது. காலிசெய்துகொண்டு போன மருத்துவர், தரையோடு முடுக்கப்பட்டிருந்த நாற்காலியை மட்டும் பெயர்க்க முடியாமல் விட்டுச் சென்றிருந்தார். வாடகை சற்றுக் குறைவாகக் கிடைத்ததற்கு அந்த நாற்காலியே காரணம். இப்போதும் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவதுண்டு. கணினிகளையும் கம்பிச் சுருள்களையும் பார்த்துத் திகைத்து, வலியோடு ஏமாற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்கிப் போவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் நினைவே வரும். அவளும் இப்படித்தான் பல மாடிகள் ஏறி இறங்கியிருந்தாள்.

பெரியவரைப்போலப் புதிய நிறுவனங்களில் பணம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் அலுவலகங்கள் அவை. எல்லா இடங்களிலும் கண்ணாடிச் சுவர்கள், குளிர்ந்த காற்று, இனிமையான பேச்சு. யாரும் அவளை மறுத்துப் பேசியதில்லை. "நல்ல யோசனை" என்பார்கள். "உங்ககிட்ட உழைப்பு தெரியுது" என்பார்கள். பிறகு வேகம் போதவில்லை என்பார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பார்கள். அடுத்த முறை ஏறிய எண்ணிக்கையோடு போனால், வாசல்வரை வந்து வழியனுப்புகிற நேரத்தில், மிகச் சாதாரணமாக அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். வேறு யார் வருகிறார்கள்? யாரும் இல்லை என்று அவள் சொன்னதும், கைகுலுக்குகிற விரல்களில் ஒரு தளர்வு ஏற்படும். அந்தத் தளர்வை அவள் கண்களை மூடிக்கொண்டே அடையாளம் கண்டுவிடுவாள்.

எல்லோரும் ஏன் இதையே கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மதிய உணவின்போது ஒருநாள் அவளிடம் கேட்டாள். அவளை முந்திக்கொண்டு அவள் கொழுந்தன் ஒரு கதை சொன்னான். நிறுவனத்தின் கணினி வேலை முழுவதையும் பார்த்துக்கொள்பவன் அவன்.

"குளத்தங்கரையில வாத்துங்க வரிசையா நின்னுச்சாம். தண்ணி சில்லுனு இருக்குமோன்னு பயம். ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்குது. அந்த நேரம் பாத்து ஒரு தவளை பொதக்குனு குதிச்சுச்சு. யாரோ நம்மாளு இறங்கிட்டான்னு நெனச்சு, எல்லா வாத்தும் தொப்பு தொப்புனு விழுந்துச்சாம். அப்புறம் ஒண்ணை ஒண்ணு பாத்து, 'முதல்ல நீதானே இறங்கினே?'ன்னு கேட்டுக்கிச்சாம்."

"தண்ணி எப்படி இருந்துச்சாம்?" என்றாள் அந்தப் பெண்.

"அதை எந்த வாத்தும் கவனிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை கொழுந்தன் தனியாக வந்து, வேறொரு பெரிய நிறுவனம் தன்னை வேலைக்கு அழைத்திருப்பதாகவும், வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் தடுக்கவில்லை, தடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். "அவன் வயசும் போயிட்டிருக்கு. இழுத்தடிக்கறதா இருந்தா விட்டுடு" என்று அவள் கணவர் அதற்கு முன்பே இரண்டொரு முறை சொல்லியிருந்தார். தம்பியின் மீதுள்ள பாசத்தால் சொன்ன வார்த்தை அது. மனைவியின் மீது நம்பிக்கை இல்லாமல் சொன்னதல்ல. ஆனாலும் அது அவள் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. கொழுந்தன் போய்விட்டால் நிறுவனம் இல்லை. அவர்கள் செய்கிற கருவியின் உடல் அவளுடையது என்றால், மூளை அவனுடையது.

உள்ளங்கையில் அடங்கும் கருப்பு வில்லை அந்தக் கருவி. தண்ணீர்க் குழாயின்மேல் ஒட்டிவைத்தால், சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ நீர் கசிகிற ஓசையைக் கேட்டுச் சொல்லும். அலுவலகத்தில் அதற்குக் காது என்றே பெயர். குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்த நாட்களில், இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் செவியை வைத்துத் தெருத்தெருவாகக் கசிவைத் தேடியவள் அவள். மனிதச் செவி களைத்துப்போகும். களைக்காத செவி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. எண்ணத்தின் பின்னால் அவள் வேலையை விட்டு வந்தாள். அவள் பின்னால் கொழுந்தன் வந்தான்.

இத்தனையும் அவள் மனத்தில் ஓடியது ஒரு மூச்சு நேரத்துக்குள்தான். தொலைபேசியின் மறுமுனையில் பெரியவர் காத்திருந்தார்.

"மேடம் வர்றாங்க சார்" என்றாள். "நேத்துதான் சொன்னாங்க."

மேடம் என்பவர் அதே தொழிலில் பெரியவருக்கு நிகரான இன்னொருவர். அவர் முந்தின நாள் சொன்னது, "நல்லா இருக்கு, பாப்போம்" என்பது மட்டுமே.

"அந்தம்மாவா?" என்றார் பெரியவர். குரலில் அதுவரை இல்லாத ஓர் ஈரம் வந்தது. "அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. அப்படின்னா நானும் இருக்கேம்மா."

அதன் பிறகு நடந்தவற்றில் அவள் செய்ய எதுவுமே இருக்கவில்லை. அன்று மதியமே மேடத்தின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டோம், எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். மறுநாள், முன்பு அவள் மின்னஞ்சலுக்குப் பதிலே எழுதாத ஒருவர், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். தொழில்முறைச் சந்திப்புகளில் முன்பின் அறியாதவர்கள் அவள் பெயர் அட்டையைக் கேட்டு வாங்கினார்கள். கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு கட்டடம்கூடக் கூடவில்லை. ஆனாலும் நிறுவனம் சூடுபிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் அது உண்மையாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு வர இயலாது என்று எழுதி அனுப்பினான். அன்று வீட்டுக்கு வந்தபோது அண்ணனைத் தோளோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். "உன் அண்ணி சாதாரண ஆள் இல்லடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் இடையே நடந்தாள். தொலைபேசி ஒலித்தால் எடுக்கத் தயங்கினாள். ஒலிக்காவிட்டால் ஏன் ஒலிக்கவில்லை என்று எடுத்துப் பார்த்தாள். பொய் பிடிபட்டுவிடுமோ என்ற பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். நாள் செல்லச்செல்ல, பயத்தைவிட விசித்திரமான ஒன்று அடியில் இருப்பது தெரிந்தது. பொய் என்று எதைச் சொல்வது? பெரியவர் வருவது நிஜம். மேடம் வருவதும் நிஜம். அவள் சொன்ன ஒரு வாக்கியம், அரைநாள் முந்திச் சொல்லப்பட்ட மெய்யாகத் திரிந்துவிட்டிருந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லாத குற்றம். சாப்பிடும்போதும் அவள் எழுந்து எழுந்து போய்க் குழாயை மூடியாகிவிட்டதா என்று பார்த்தாள்.

ஒப்பந்தத் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மோட்டார் அறையில் அவளும் கொழுந்தனும் குனிந்து நின்றிருந்தார்கள். அங்கே வைத்த காதுகள் இரண்டும் கசிவு என்று அறிவித்திருந்தன. ஒரு காது கேட்டால் போதாது, இரண்டு காதுகளும் கேட்டால்தான் கட்டடத்துக்காரருக்குச் சொல்வது என்பது அவர்களுடைய விதி. அந்த இரண்டும்கூட ஏமாறும் சமயம் உண்டு. குழாயின் மூடிய முனையில் எங்கோ ஒரு தட்டல் மோதித் திரும்பினால், இரண்டு காதுகளும் அந்த எதிரொலியையே கேட்டுவிட்டு ஒன்றுபோலத் தலையாட்டும். தொடக்க காலத்தில் அதை நம்பி, ஒரு வீட்டுக் குளியலறைச் சுவரை உடைத்து, உள்ளே உலர்ந்த செங்கல்லைப் பார்த்து வீட்டுக்காரர் முன் நின்ற வெட்கம் இருவருக்கும் மறக்கவில்லை.

கொழுந்தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"ஒரு வேடிக்கை கேளுங்க அண்ணி. பெரியவர் ஆபீஸ்ல, மேடம் முதல்ல வந்ததால நாங்க வந்தோம்னு சொல்றாங்க. மேடம் ஆபீஸ்ல கேட்டா, பெரியவர்தான் முதல்லன்னு சொல்றாங்க." சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கியவன், சொல்லி முடிக்கும்போது சிரிக்கவில்லை. குழாயில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தான். "ரெண்டு காதும் கேட்டிருக்கு. சத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

அவள் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"என்கிட்டேருந்து" என்றாள். "மேடம் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே நான் அவங்க பேரைச் சொல்லிட்டேன் தம்பி."

"எப்ப?"

"நீ பதில் சொல்ல வேண்டிய வாரம்."

மோட்டார் தானாக ஓடத் தொடங்கி, அறையை இரைச்சலால் நிரப்பியது. அது நிற்கும்வரை அவன் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"இப்பதான் நிஜமாயிடுச்சே அண்ணி. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான் அவன். பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"சொல்லாதீங்க."

அந்தச் சொல்தான் அவளைத் தாக்கியது. இதுவரை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த சுமைக்கு, அவன் கேள்வியில்லாமல் ஒரு பக்கம் தோள் கொடுத்துவிட்டான். பாரம் குறையவில்லை, இரண்டாகிவிட்டது.

கையெழுத்துக்கு முந்தின நாள் மேடம் அலுவலகத்தைப் பார்க்க வந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசும் வழக்கமுள்ள, உயரம் குறைந்த, சுறுசுறுப்பான பெண்மணி. பல் மருத்துவ நாற்காலியைக் கண்டதும் நேரே போய் அதில் சாய்ந்துகொண்டு, "மயக்க ஊசி போடாம பிடுங்கிடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்ட முனைந்தபோது அவர் கையசைத்துத் தடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. இடத்தைச் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பெரியவர் துருவித் துருவிப் பாக்காம காலை வைக்க மாட்டார். அவர் பாத்துட்டார்னா நான் பாத்த மாதிரி."

அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். 'அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்ற பெரியவரின் வார்த்தை அந்தக் கணத்தில் அவளுக்கு வேறு விதமாகக் கேட்டது. அவரும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. இவர்கள் இருவரையும் பார்த்து வந்தவர்கள் யாருமே பார்க்கவில்லை. தெருத்தெருவாகக் கம்பியோடு அலைந்த ஆண்டுகள், உடைந்த சுவர், மேசைமீது குனிந்து குனிந்து கொழுந்தனுக்கு விழுந்திருந்த கூன், எதையும் ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாளை கையெழுத்துப் போடப்போகிறார்கள். இத்தனை நாள் தன்னை உட்காரவிடாமல் அலைக்கழித்தது எது என்று அவளுக்குப் புரிந்தது.

"பெரியவர் எதையும் பாக்கல மேடம்" என்றாள்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சுதான் அவர் வந்தார். நீங்க வர்றதா அவர்கிட்ட சொன்னது நான். நீங்க எதுவும் சொல்றதுக்கு முன்னாடி."

விசைப்பலகைகளின் ஓசை ஒவ்வொன்றாக நின்றது. கொழுந்தன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசைமீது மிக மெதுவாக வைத்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மேடம் நாற்காலியிலிருந்து கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு எங்கோ இடிக்கிறது என்று கண்டவரின் நிதானம் இருந்தது.

"இதைக் கையெழுத்துக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருக்கலாம். இப்ப ஏன் சொல்றீங்க?"

"யாராவது ஒருத்தராவது அதைக் காதுல வெச்சுப் பாக்கணும் மேடம். அதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னாலும் சரி."

மேடத்தின் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தார். "பெரியவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எடுக்கவில்லை. அது அதிர்ந்து ஓயும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"நான் பாத்துட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. இனிமேதான் பாக்கணும்போல. குழாய் எங்க இருக்கு?"

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கடியில் பிரதான குழாய் சுவரிலிருந்து வெளியே வந்து மறுபடி தரைக்குள் போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு காது ஒட்டப்பட்டிருந்தது. மேடம் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிப் படியில் வைத்தார். கொழுந்தன் நீட்டிய ஹெட்ஃபோன் தோட்டில் இடித்தது. இரண்டு தோடுகளையும் கழற்றி, வேறு இடம் தெரியாமல், அவன் கையிலேயே வைத்தார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்களை மூடினார்.

வேலை செய்பவர்கள் அனைவரும் படிகளில் மேலிருந்து கீழாக நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ இருமலை அடக்கினார்கள். மேலே எங்கோ ஒரு வீட்டில் வாளி நிரம்பி, குழாய் மூடப்படும் அதிர்வு சுவரில் ஓடியது. மேடம் கையிலிருந்த தொலைபேசி மீண்டும் அதிரத் தொடங்கியது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. புருவம் சற்றே சுருங்கியது. தலை ஒருபுறமாகச் சாய்ந்தது. அது பிடித்துப்போனதன் அடையாளமா, இல்லை எதுவும் கேட்காததன் அடையாளமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் விரித்த உள்ளங்கையை மார்புக்கு நேரே ஏந்திக்கொண்டு நின்றான். அதில் அந்த இரண்டு சிறிய தோடுகளும் கிடந்தன. மூடினால் ஓசை எழுமோ என்று அஞ்சியவன்போல, அவன் விரல்களை மடக்காமலே வைத்திருந்தான்.